வீடெக் எந்த ஆர்பிஎம்மில் திறக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை ராத்திரி கிள்ளானில் ஏதாவது ஒரு மாமாக் கடை முன்னால் நாலு பழைய சிவிக் வரிசையாக நின்றால் போதும், தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும்: "உன்னோடது எத்தனையில ஓப்பன் ஆகுது?" ஒருவர் 5500 ஆர்பிஎம் என்பார், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 5500 சுற்று சுற்றும்போது. பக்கத்தில் இருப்பவர் 4500 என்று பெருமையாகச் சொல்வார். மூன்றாமவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், போய் "எனக்கும் மாத்துங்க" என்பார்.

பல வருடங்களாக ஒரே சந்தேகங்களுக்கு ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது ஹோண்டாவின் பி16ஏ இன்ஜின். ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக, அதாவது காரின் முன்பாதியை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து, நம் ஊர் சிவிக்குகளில் ஏற்றிய இன்ஜின் அது. என்னிடம் இருப்பதும் அதுதான்.

"வீடெக்னா என்னண்ணே? டர்போ மாதிரி ஒரு சாமானா?"

இல்லை. டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். வீடெக் எதையும் திணிப்பதில்லை. இன்ஜினுக்குள் காற்றை விடுவதும் (இன்டேக்) புகையை வெளியே விடுவதும் (எக்ஸாஸ்ட்) வால்வுகள்; அவை எவ்வளவு உயரம் திறக்கின்றன, எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான். பி16ஏ-யில் ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் கேம்ஷாஃப்டில், அதாவது வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டில், மூன்று மேடுகள் (கேம்) உண்டு. ஓரங்களில் இரண்டு சிறியவை, நடுவில் ஒரு பெரியது. சாதாரணமாக ஓரத்து மேடுகள்தான் வால்வைத் திறக்கும். நடு ராக்கர் ஆர்ம் (மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) பெரிய மேட்டின்மேல் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், உத்தரவு கொடுத்ததும் சோலனாய்டு என்ற மின்சார வால்வு திறந்து, இன்ஜின் ஆயில் அழுத்தத்தோடு ராக்கர்களுக்குள் போகும். உள்ளே இருக்கும் சின்ன பின்கள் நகர்ந்து மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதற்கப்புறம் இரண்டு வால்வும் பெரிய மேட்டின் பேச்சைத்தான் கேட்கும்.

1989-ல் இன்டெக்ரா காரில் ஹோண்டா இதை முதலில் விற்றபோது 1595 சிசி இன்ஜின் 7600 ஆர்பிஎம்மில் 160 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) கொடுத்தது. டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 பிஎஸ் அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. பிறகு வந்த சிவிக் எஸ்ஐஆரில் அது 170 பிஎஸ் ஆனது. ஹாஃப்கட்டில் நமக்கு வந்தவற்றில் பல இந்த இரண்டாவது வகை.

"பெரிய கேம்தான் பவர்னா, எப்பவுமே பெரிய கேம்லயே ஓட்டலாமே? எதுக்கு ரெண்டு?"

பிஸ்டன் கீழே இறங்கி, திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். வேகமாகச் சுற்றும்போது காற்று ஓடிவந்த வேகத்திலேயே உள்ளே போய்க்கொண்டிருக்கும் என்பதால் இது லாபம். மெதுவாகச் சுற்றும்போது காற்றுக்கு அந்த வேகம் இல்லை. மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். பெரிய கேமில் வால்வு இன்னும் தாமதமாக மூடுவதால், குறைந்த ஆர்பிஎம்மில் இந்த நஷ்டம் அதிகம். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் பெரிய கேமில் கூடுதல். ஐடிலில் இன்ஜின் குலுங்கும், புகையும் நாறும்.

ஆகவே கீழே சின்ன கேம், மேலே பெரிய கேம். நடுவில் எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சம அளவு காற்றை உள்ளே வாங்கும். அந்த இடம் எது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க ஓடும் கேள்வி. இனிமேல் லோ கேம், ஹை கேம் என்றே சொல்கிறேன்.

"கம்பெனிக்காரனே ஒரு ஆர்பிஎம் வச்சுத்தான குடுத்திருக்கான். அவனை விட நமக்குத் தெரியுமா?"

தெரியாது. கார் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருந்தால் தொடாதீர்கள். ஆனால் கம்பெனி அந்த எண்ணை முடிவு செய்தபோது அந்தக் காரில் கம்பெனி ஏர் பாக்ஸ், கம்பெனி எக்ஸ்ட்ராக்டர் (இன்ஜினிலிருந்து புகையை எடுத்துச்செல்லும் குழாய்), கம்பெனி சைலன்ஸர் இருந்தன. புகை விதி, சத்தம், பெட்ரோல் செலவு, தரம் குறைந்த பெட்ரோல் போடுகிறவர் என்று எல்லாருக்கும் சேர்த்து அவர்கள் கணக்குப் போட வேண்டும். நீங்கள் எக்ஸ்ட்ராக்டரையும் இன்டேக்கையும் கேமையும் மாற்றிய அன்றைக்கே அந்தக் கணக்கு பழையதாகிவிட்டது.

ஹோண்டாவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேறு வேறு எண் வைத்திருக்கிறது. சிவிக் எஸ்ஐஆரில் 5500-ஐ ஒட்டித் திறக்கும். அமெரிக்க இன்டெக்ரா ஜிஎஸ்-ஆரில், 1.8 லிட்டர், 4400-லேயே திறந்துவிடும். 9000 வரை சுற்றும் எஸ்2000-இல் 6000 பக்கம். கேம், கொள்ளளவு, இன்டேக் குழாயின் நீளம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற எண் இது. பக்கத்து மேசைக்காரர் காரின் எண் உங்கள் காருக்குப் பொருந்தாததற்கும் அதுதான் காரணம்.

"சீக்கிரம் திறந்தா பவர் சீக்கிரம் வரும்தான? ஒரு கடையில 3800-ல வச்சுத் தர்றேன்னாங்க."

எனக்கும் ஒரு கடையில் அப்படி வைத்துக் கொடுத்தார்கள். முதல் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் ஹை கேமின் சத்தம் அடிக்கடி கேட்டது. அப்புறம் ஃபெடரல் ஹைவேயில் நாலாவது கியரில் ஒரு லாரியைத் தாண்டப் பார்த்தேன். சத்தம் முன்னால் போனது, கார் போகவில்லை.

கணக்குக்காக எண்களை வைத்துப் பாருங்கள். 3800 ஆர்பிஎம்மில் லோ கேம் 135 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தருகிறது, ஹை கேம் 122-தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 13. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். 13-ஐ 3800-ஆல் பெருக்கி வகுத்தால் 7 பிஎஸ். காசு கொடுத்து 7 பிஎஸ்ஸைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். மேலே உச்சத்தில் ஒன்றும் கூடவும் இல்லை. 7800-ல் எப்படியும் ஹை கேம்தானே ஓடிக்கொண்டிருக்கும்?

"அப்போ லேட்டா திறக்கணும். லேட்டா திறந்தா நல்லா முதுகுல உதைக்குதே, அதான் பவர்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். அந்த உதை பவர் இல்லை. உதைக்கு முன்னால் இருந்த பள்ளம்தான் உங்களுக்கு உதையாகத் தெரிகிறது.

நம் உடம்புக்கு வேகம் கூடுவது அவ்வளவாகத் தெரியாது; வேகம் கூடும் விதம் திடீரென்று மாறுவதுதான் தெரியும். லோ கேம் 5000-ஐத் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். டார்க் கோடு சரியும். நீங்கள் 5800 வரை பிடித்து வைத்திருந்தால் அந்த 800 ஆர்பிஎம்மும் இன்ஜின் இறங்குமுகம். பிறகு ஹை கேம் திறந்ததும் கோடு ஒரே தாவில் மேலே ஏறும். படிக்கட்டில் ஒரு படியைத் தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த படி எவ்வளவு உயரம் பார் என்று சொல்வது மாதிரி. முன் கேள்வியில் போட்ட கணக்கையே இங்கும் போடலாம்: 5400-ல் லோ கேம் 125, ஹை கேம் 140 என்றால் 15 நியூட்டன் மீட்டர் வித்தியாசம், 11 பிஎஸ்ஸுக்கு மேல். உதை பெரிதாகத் தெரியத் தெரிய பள்ளமும் பெரிது.

சரியாக வைத்த காரில் எப்போது திறந்தது என்று சத்தத்தில்தான் தெரியும், முதுகில் தெரியாது. டியூன் செய்துவிட்டு வந்த பலர் "போன தடவை இருந்த கிக் இல்லை, ஏமாத்திட்டாங்க" என்று புகார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒருவரிடம் இரண்டு கிராஃபையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். "இருந்தாலும் கிக் வேணும்ணே" என்றார். அது அவர் காசு.

"சரி, அந்த இடத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

டைனோவில், அதாவது சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு பவரை அளக்கும் மெஷினில், காரை ஏற்றுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஆயிலும் சூடாகியிருக்க வேண்டும். நாலாவது கியர், முழு ஆக்ஸிலரேட்டர். முதல் ஓட்டத்தில் வீடெக் திறக்கவே கூடாது. அதற்காக ஈசியூவில் எண்ணை 7000-க்கு மேல் தள்ளி வைத்துவிட்டு, 6500 வரை லோ கேமிலேயே ஓட்ட வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் 3500-லேயே திறக்கும்படி வைத்து, உச்சம் வரை ஹை கேமிலேயே ஓட்ட வேண்டும். இரண்டு டார்க் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அதுதான் இடம். அதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த வரிசையில் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் லோ கேம் மேப்பில், அதாவது ஈசியூவில் அந்த கேமுக்கான எண் அட்டவணையில், பெட்ரோலும் இக்னிஷனும் (தீப்பொறி விழும் நேரம்) சரி செய்து முடிக்க வேண்டும். அப்புறம் ஹை கேம் மேப்பிலும் அதே வேலை. இரண்டும் முடிந்த பிறகுதான் கோடுகளை வெட்டவிட வேண்டும். ஹை கேமில் பெட்ரோல் அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தால் அதன் கோடு தாழ்ந்து கிடக்கும். வெட்டும் இடம் பொய்யாக மேலே தள்ளிப்போகும். லோ கேமில் இக்னிஷன் மிகவும் தாமதமாக இருந்தால் நேர்மாறாக, பொய்யாகக் கீழே வரும். "முதல்ல வீடெக் எண்ணை வச்சுடலாம், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் டியூனரிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு கேமிலும் குறைந்தது இரண்டு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள், ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். டயர் காற்றும் பேனெட் முன்னால் உள்ள ஃபேனும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் ஊர் மதிய வெயிலில் மூன்றாவது ஓட்டத்துக்குள் இன்டேக் காற்று சூடேறி எல்லா எண்ணும் இறங்கிவிடும். காலையிலேயே போவது நல்லது. எக்ஸ்ட்ராக்டரும் இன்டேக்கும் மாற்றியிருந்த என் காரில் கோடுகள் 4900 பக்கத்தில் வெட்டிக்கொண்டன. கம்பெனி எண்ணுக்கும் அந்தக் கடைக்காரர் எண்ணுக்கும் நடுவில்.

"கோடு ரெண்டும் வெட்டிக்காம ஒண்ணா ஒட்டிக்கிட்டே போகுதே, அப்போ?"

சில கார்களில் 300, 400 ஆர்பிஎம் தூரம் இரண்டும் ஒன்றாகவே ஓடும். அந்தத் தூரத்துக்குள் எங்கே வைத்தாலும் பவர் ஒன்றுதான். வேலைக்குப் போய்வரும் கார் என்றால் மேல் பக்கமாக வையுங்கள், சும்மா சும்மா திறந்துகொண்டிருக்காது. டிராக்கில் ஓட்டுவதென்றால் கீழ்ப் பக்கமாக வையுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

"கியர் மாத்தின உடனே வீடெக் மூடிக்குது, திரும்பத் திறக்குது. இது எதனால?"

கியர் மாற்றியதும் ஆர்பிஎம் எங்கே போய் விழுகிறது என்று கணக்குப் பார்த்தால் புரியும். சிவிக் எஸ்ஐஆரின் ஒய்21 கியர் பாக்ஸில் விகிதங்கள் 3.230, 2.105, 1.458, 1.107, 0.848. 8000-ல் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் 8000-ஐ 2.105-ஆல் பெருக்கி 3.230-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 5210. இரண்டிலிருந்து மூன்றுக்கு 5540. மூன்றிலிருந்து நாலுக்கு 6070. நாலிலிருந்து ஐந்துக்கு 6130.

இப்போது வீடெக் 5500-ல் என்றால், மேல் கியர்களில் எப்போதும் ஹை கேமிலேயே விழுவீர்கள். மூன்றாவதில் நூலிழை. இரண்டாவது கியரில் மட்டும் 5210-ல் விழுந்து, லோ கேமில் முக்கிக்கொண்டு 5500 வரை ஏறி, பிறகு திறக்கும். அதுதான் நீங்கள் சொல்லும் "மூடிக்குது". 7500-லேயே மாற்றும் பழக்கம் இருந்தால் மூன்றாவதிலும் இதே கதை. 5190-ல் போய் விழும். கோடுகள் 5000 பக்கம் வெட்டிக்கொள்ளும் காராக இருந்தால், எண்ணை 5000-க்குக் கொண்டுவந்ததும், 8000-ல் மாற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எல்லா கியரிலும் தீர்ந்துவிடும். வெட்டும் இடமே 5500 என்றால், கியருக்காக அதைக் கீழே இழுக்காதீர்கள். மாற்றும் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள்.

இன்னொன்று. திறக்கும் எண் வேறு, மூடும் எண் வேறு. மூடுவதை 200, 300 கீழே வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், சரியாக அந்த ஆர்பிஎம்மில் கார் ஓடும்போது சோலனாய்டு திறந்து மூடித் திறந்து மூடி டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

"டைனோவுக்குக் காசு இல்லண்ணே. ரோட்டுல ஓட்டியே பாத்துக்கலாமா?"

முதுகை நம்பி மட்டும் பார்க்காதீர்கள். அது சொல்லும் பொய்யை மேலே சொல்லிவிட்டேன். ஈசியூவில் டேட்டா பதிவு செய்ய வசதி இருந்தால், சேப்பாங் மாதிரி மூடிய டிராக்கில் மூன்றாவது கியரில் 4000-லிருந்து 6500 வரை போக எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எண்ணை 200, 200-ஆக மாற்றி மாற்றி ஓட்டினால் எதில் நேரம் குறைவு என்று தெரிந்துவிடும். ஒரே நேர்ப்பாதையில், ஒரே திசையில் ஓட்ட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, டியூனர்கள் பயன்படுத்துவது. முழு ஆக்ஸிலரேட்டரில் இரண்டு கேமிலும் ஏர்-ஃப்யூல் விகிதத்தை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை) ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், அதே ஆர்பிஎம்மில் எந்த கேம் அதிக பெட்ரோல் கேட்கிறதோ அதுதான் அதிகக் காற்றை வாங்குகிறது. பெட்ரோல் எண்கள் சமமாகும் இடம் கோடுகள் வெட்டும் இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். துல்லியம் இல்லை, ஆனால் மாமாக் கடையில் எண் வாங்குவதை விட எவ்வளவோ மேல்.

"விஏஎஃப்சி போதுமா, இல்ல ஹோண்டேட்டாதான் போடணுமா?"

ஏபெக்ஸியின் விஏஎஃப்சி, ஈசியூவுக்கும் சென்சாருக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்லும் பெட்டி. மேப் சென்சார் (பெயர் ஒன்றானாலும் மேலே சொன்ன மேப் வேறு; இது இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளப்பது) சொல்வதைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஈசியூவிடம் சொல்லி பெட்ரோலை மாற்றும். வீடெக் திறக்கும் ஆர்பிஎம்மை நேராகவே மாற்றலாம். இக்னிஷனைத் தனியாகத் தொட முடியாது. அதுமட்டுமல்ல, மேப் சென்சார் பொய் சொன்னால் ஈசியூ இக்னிஷனையும் அந்தப் பொய்யை வைத்தே முடிவு செய்யும்: பெட்ரோலைக் குறைத்தால் இக்னிஷன் தானாக முன்னே போகும். அந்தக் காலத்தில் வேறு வழி இல்லாதபோது நல்ல பெட்டிதான். இன்றைக்கு ஈசியூவின் எண்களையே மாற்றி எழுத வழி தரும் ஹோண்டேட்டா எஸ்300 அல்லது சிப் போட்ட பி28 ஈசியூ இருந்தால் லோ கேமுக்கும் ஹை கேமுக்கும் தனித்தனி மேப். இதற்கே காசைச் சேர்த்து வையுங்கள்.

"திறக்கிற நேரத்துல ஏர்-ஃப்யூல் மீட்டர் 15-க்கு எகிறுது. பயமா இருக்கு."

பயப்பட வேண்டிய விஷயம்தான். முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோலுக்கு 12.5-லிருந்து 13 வரை இருக்க வேண்டும்; 15 என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது. எண்ணைக் கீழே இறக்கியவர்கள் பலருக்கு இது நடக்கும். கம்பெனி மேப்பில் ஹை கேம் 5500-க்குக் கீழே ஓட வேண்டிய வேலையே பெரும்பாலும் இல்லை. அங்கே உள்ள எண்களை யாரும் உங்கள் எக்ஸ்ட்ராக்டரை மனதில் வைத்து எழுதவில்லை. நீங்கள் 4800-ல் திறந்ததும் ஈசியூ அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படிக்கிறது. டைனோ பதிலில் ஹை கேமை 3500-லிருந்தே ஓட்டச் சொன்னது இதற்காகவும்தான்.

மீட்டர் ஒரே ஒரு கணம் எகிறி உடனே இறங்குகிறதா, அல்லது அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மேப் தப்பு. ஒரு கணம் மட்டும் என்றால் பூட்டு விழும் நேரத்துக்கும் மேப் மாறும் நேரத்துக்கும் உள்ள சின்ன இடைவெளியாக இருக்கலாம். ஆனால் 170 பிஎஸ் பி16ஏ-யின் கம்ப்ரெஷன் 10.4, இதில் ரான்95 (ஆக்டேன் 95) பெட்ரோல் போட்டுக்கொண்டு, பெட்ரோல் குறைவாக, இக்னிஷன் முன்னே தள்ளி ஓட்டினால் தட்டும் சத்தம் வரும், அப்புறம் பிஸ்டன் செலவு வரும். டியூன் செய்தது ரான்97-ல் என்றால் கடைசி வரை ரான்97-தான்.

"பாதி ஆக்ஸிலரேட்டர்ல போகும்போதும் அதே எண்தானா?"

இல்லை. டைனோவில் பார்த்தது முழு ஆக்ஸிலரேட்டர் கதை. பாதி மிதிக்கும்போது காற்றை அடைப்பது த்ராட்டில்தான், கேம் இல்லை. அங்கே ஹை கேமால் பெரிய லாபம் கிடையாது. பெட்ரோலும் சத்தமும்தான் கூடும். ஈசியூ அனுமதித்தால் மேப் சென்சார் அளவையும் சேர்த்து நிபந்தனை வையுங்கள்: நன்றாக மிதித்தால் 4900, லேசாக மிதித்தால் இன்னும் மேலே. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை போய் வந்தாலே டேங்கில் வித்தியாசம் தெரியும்.

"எண்ணை எங்க வச்சாலும் திறக்கவே மாட்டேங்குது. ஈசியூ போயிடுச்சா?"

ஈசியூவை விடுங்கள், முதலில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். முதல் பதிலில் சொன்னபடி பின்களை நகர்த்துவது ஆயில். அளவு குறைந்திருந்தால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் பூட்டும் இல்லை. டிராக்கில் நீண்ட வளைவில் ஆயில் ஓரமாக ஒதுங்கும்போது திறந்திருந்த வீடெக் பாதியில் மூடிக்கொள்வதும் இதனால்தான். அது எச்சரிக்கை; பின்னுக்கு ஆயில் போகவில்லை என்றால் பேரிங்குக்கும் போகவில்லை என்று அர்த்தம்.

ஆயில் சரியாக இருந்தால் சோலனாய்டைக் கழற்றுங்கள், மூன்றே போல்ட். கேஸ்கெட்டோடு சேர்ந்து நகக்கண் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். ஹாஃப்கட் இன்ஜினில் அது பெரும்பாலும் தார் பூசிய மாதிரி அடைத்துக் கிடக்கும். என் காரில் அதைக் கழுவி மாட்டியதும் அரை மணி நேரத்தில் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு முன்னால் ஒரு கடையில் ஈசியூவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஈசியூ காட்டும் பழுது எண்ணையும் பாருங்கள்: பழைய வகையில் 21 என்றால் சோலனாய்டு, 22 என்றால் பிரஷர் சுவிட்ச் (ஆயில் அழுத்தம் வந்ததா என்று பார்ப்பது), ஓபிடி2 எனும் பிந்தைய முறை உள்ள கார்களில் பி1259. சுவிட்சின் வயர் அறுந்திருந்தாலும் ஈசியூ சந்தேகப்பட்டு ஹை கேமைத் தடுத்துவிடும். கூலன்ட் சூடாகாவிட்டாலும், கார் நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் கம்பெனி ஈசியூ திறக்காது. வீட்டு வாசலில் நின்று முறுக்கிப் பார்த்துவிட்டு "வேலை செய்யல" என்று போன் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படிக்கவும்.

"என்னோடது கே20. அதுல விடிசி வேற இருக்கே?"

2001-ல் இன்டெக்ரா டைப் ஆரில் 220 பிஎஸ்ஸோடு வந்த கே20ஏ-யில் இரண்டு தனி வேலைகள் நடக்கின்றன. வீடெக் வழக்கம்போல லோ, ஹை என்று தாவும். விடிசி இன்டேக் கேமை முன்னும் பின்னுமாக, 50 டிகிரி வரை, தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே இங்கே ஒரு கேமுக்கு ஒரு கோடு கிடையாது. லோ கேமை 0, 10, 20, 30, 40, 50 என்று நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் எது மேலே இருக்கிறதோ அதை எடுத்து ஒரே கோடாகச் சேர்க்க வேண்டும். ஹை கேமுக்கும் அப்படியே. இப்படிச் சேர்த்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் உங்கள் எண். டைனோவில் அரை நாள் போகும், காசும் போகும்.

கேமை மாற்றியிருந்தால் 50 டிகிரிக்கு ஓட்டவே ஓட்டாதீர்கள். உயரம் கூடிய கேமை அவ்வளவு முன்னே திருப்பினால் இன்டேக் வால்வு பிஸ்டனைத் தொட்டுவிடும். கேம் விற்றவர் எத்தனை டிகிரி வரை என்று சொல்லியிருப்பார். விடிசி கியரிலேயே அந்த அளவுக்குத் தடுப்பு வைத்துவிடுங்கள்.

"என் மைவில டிவிவிடின்னு எழுதியிருக்கு. அதையும் சீக்கிரம் திறக்க முடியுமா?"

அதில் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. பெரோடுவா மைவியின் டிவிவிடி கேமை முன்பின் திருப்பும், உயரத்தை மாற்றாது; கே20-இல் உள்ள விடிசியின் உறவுக்காரன். தாவும் இடமே இல்லாததால் மாற்ற வேண்டிய எண்ணும் இல்லை. ப்ரோட்டான் கேம்ப்ரோ சிபிஎஸ் வேறு, 1.6 லிட்டரில் 125 குதிரைத்திறன் கொடுத்த அந்த இன்ஜினில் நிஜமாகவே இரண்டு கேம் உண்டு, மேலே சொன்ன கோடு வெட்டும் முறை அதற்கும் பொருந்தும்.

பெயரில் வீடெக் இருப்பதெல்லாம் பவருக்கும் இல்லை. சிவிக் எஃப்டி 1.8-இல் உள்ள ஐ-வீடெக், லேசாக மிதித்து ஓட்டும்போது இன்டேக் வால்வைத் தாமதமாக மூடிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. அதை "சீக்கிரம் ஓப்பன்" பண்ணச் சொல்லி யாராவது கேட்டால் போமன் சிரிப்பை அடக்கிக்கொள்வது எனக்கே பாவமாக இருக்கும்.

"வீடெக்கை மாத்தினா ரெவ் லிமிட்டையும் 9000 ஆக்கணுமா?"

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பவர் கோடு 7800-ல் உச்சம் தொட்டு இறங்குகிறது என்றால் 9000 வரை போய் என்ன எடுக்கப் போகிறீர்கள்? கியர் மாற்றிய பிறகு விழும் இடத்தில் பவர் எவ்வளவு, மாற்றுவதற்கு முன் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் சமமாகும் இடத்துக்கு மேல் இழுப்பது வீண். வால்வு ஸ்பிரிங் கம்பெனியுடையது, அதுவும் முப்பது வயது ஆகியிருக்கும்.

"நேராச் சொல்லுங்க, மொத்தத்துல எத்தனை பிஎஸ் கூடும்?"

எண்ணை மட்டும் மாற்றினால் உச்சத்தில் பூஜ்யம். நடுவில், பள்ளம் இருந்த இடத்தில், பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு. 10 நியூட்டன் மீட்டர் பள்ளம் 5000-ல் இருந்தால் அந்த இடத்தில் 7 பிஎஸ். கையும் காலும் வைக்காத கம்பெனி காரில் பள்ளமே சின்னது, கிடைப்பதும் சின்னது.

டைனோவுக்குப் போகும் முன்னால் ஆயில் மாற்றி, சல்லடையைக் கழுவி, வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும்: இன்டேக் 0.15-லிருந்து 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.17-லிருந்து 0.21. இடைவெளி கூடியிருந்தால் வால்வு திறக்கும் உயரமே குறைந்துவிடும், அப்புறம் தப்பான கேமை வைத்துக்கொண்டு சரியான எண்ணைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்த இடைவெளியை அளக்கும் பிளேடு கேஜ் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.